மாங்கூழ் ஆலையில் ஒரே வேலைக்கு இரண்டு கூலி, தேநீருக்கு இரண்டு குவளை: எந்தச் சட்டத்தின் கீழ், யாரிடம் போவது?

கேள்வி: கணக்கர், கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிக்கு அருகில் உள்ள ஒரு மாங்கூழ் ஆலையில் ஆறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். ஆலையின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. என் மனத்தை நெடுநாளாக அரித்துக்கொண்டிருக்கும் இரண்டு செய்திகளைச் சொல்லி, சட்டம் அறிந்தவர்களிடம் வழி கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வைகாசியில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் வரத் தொடங்கினால் ஆடி வரை எங்களுக்கு இரவு பகல் கிடையாது. தரம் பிரிக்கும் மேசையில் சென்ற சீசனில் இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். அவர்களில் பதினாறு பேர் பெண்கள், ஆறு பேர் ஆண்கள். அழுகியது, அடிபட்டது, இன்னும் பழுக்காதது என்று பார்த்துப் பிரித்து, காம்பைக் கிள்ளி, நல்ல பழத்தைக் கழுவும் தொட்டிக்குத் தள்ளிவிட வேண்டும் என்பதே அந்த மேசையில் எல்லோருக்குமான வேலை. அவர்கள் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில்தான் போகிறார்கள். ஆனால் ஆண்களுக்கு நாளுக்கு 620 ரூபாய், பெண்களுக்கு 440 ரூபாய். இந்த இரண்டு தொகைகளையும் பதிவேட்டில் தினமும் எழுதுகிறவன் நான்தான். ஏன் இப்படி என்று ஒருமுறை மேலாளரிடம் கேட்டபோது, ‘பொம்பளை ஆள் கூலி எங்கேயும் இதுதானே’ என்றார். அதற்கு மேல் அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது செய்தியை எழுதுவது இன்னும் கடினமாக இருக்கிறது. மாலை நாலரை மணிக்குத் தேநீர் வரும். ஒரு தட்டில் எவர்சில்வர் தம்ளர்கள் இருக்கும், பக்கத்தில் காகிதக் குவளைகளின் அடுக்கு ஒன்று இருக்கும். காலனியிலிருந்து வரும் ஐந்து பெண்களுக்கு மட்டும் காகிதக் குவளை. ஊற்றுகிறவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை, அந்த ஐந்து பேரும் எதுவும் சொல்வதில்லை. ஒருநாள் காகிதக் குவளை தீர்ந்துபோயிற்று. அவர்களில் மூத்தவர் எழுந்துபோய், தம் சோற்றுத் தூக்கின் மூடியைக் குழாயில் கழுவிக்கொண்டு வந்து நீட்டினார். தேநீர் உயரத்திலிருந்து அதில் ஊற்றப்பட்டது. தட்டில் அப்போது நான்கு தம்ளர்கள் கவிழ்ந்த நிலையில் இருந்தன. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். அதற்கு அடுத்த வாரம், பழம் ஒன்று கீழே விழுந்ததற்காக மேஸ்திரி அந்த அம்மாளைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதை மேசையில் இருந்த அனைவரும் கேட்டோம்.

என் கேள்விகள் இவை. வேலையிடத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் ஒரே சட்டம் நம் நாட்டில் இருக்கிறதா? தனியார் ஆலைக்கு அது பொருந்துமா? இவர்கள் அனைவரும் ஒப்பந்தக்காரர் மூலம் வந்த சீசன் ஆட்கள், நியமன ஆணை ஏதும் கிடையாது. பாதிக்கப்பட்டவன் அல்லாத நான் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: தொழிற்சங்கத்தவர், ஓசூர்

ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில், அப்படி ஒரே சட்டம் இல்லை என்பதுதான். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வேலை, சேவை, கல்வி அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. இங்கே முஸ்லிம்களின் நிலையை ஆராய அரசு அமைத்த சச்சார் குழு, சமவாய்ப்பு ஆணையம் ஒன்று வேண்டும் என்று 2006இல் பரிந்துரைத்தது. பின்னர் நாடாளுமன்றத்தில் பாகுபாட்டுக்கு எதிரான தனிநபர் மசோதாவும் கொண்டுவரப்பட்டது. எதுவும் சட்டமாகவில்லை. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு அரசு வேலையில் மட்டும் சாதி, மதம், பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. தனியார் ஆலையின் வாசலில் அது நின்றுவிடுகிறது. ஆகையால் ஒவ்வொரு குறைக்கும் அதற்கென்று உள்ள சட்டத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டு செய்திகளும் இரண்டு வெவ்வேறு கதவுகள். குவளையைப் பற்றி வழக்கறிஞர்கள் யாரேனும் எழுதுவார்கள். கூலியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு, ஒரே முதலாளியின் கீழ் ஒரே வேலையையோ ஒத்த தன்மையுள்ள வேலையையோ செய்கிறவர்களிடையே பாலினத்தின் பேரில் ஊதிய வேறுபாடு கூடாது என்று சொல்கிறது. அதோடு நிறுத்தாமல், சமன் செய்கிறோம் என்ற பெயரில் யாருடைய கூலியையும் குறைக்கக் கூடாது என்றும் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். பெண்கள் கேட்டால் ஆண்களின் கூலி இறங்கிவிடும் என்று மேசையில் பயமுறுத்துவார்கள். அப்படிச் செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்பதை அந்த ஆறு ஆண்களுக்கும் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளைக்குச் சாட்சியாக வேண்டியவர்கள் அவர்களும்தான்.

பத்துப் பேர் இருந்தால்தான், நூறு பேர் இருந்தால்தான் என்ற வரம்பு இந்தப் பிரிவுக்குக் கிடையாது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள் என்பதும் தடை ஆகாது. ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறிய ஊதியத்துக்கு நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும். குறைவாகக் கொடுத்த ஊதியத்தைக் கோரி மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். தொழிலாளி நேரடியாகச் செய்யலாம், பதிவுபெற்ற சங்கம் செய்யலாம், ஆய்வாளரும் செய்யலாம். மனுவை விசாரிக்கும் அதிகாரி, வர வேண்டிய தொகையோடு அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க முடியும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

இந்த வேறுபாடு நெடுநாள் வழக்கம், எல்லோரும் ஒப்புக்கொண்டது என்று பதில் வரும். அதற்கு 1987இலேயே உச்ச நீதிமன்றம் விடை சொல்லிவிட்டது. மெக்கின்னன் மெக்கென்சி நிறுவனத்தின் பெண் சுருக்கெழுத்தர்கள் தொடர்பான வழக்கில், தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாடே இருந்தாலும், சமமாகக் கொடுக்கப் பண வசதி இல்லை என்று நிர்வாகம் சொன்னாலும், அவை சட்டத்தை மீறுவதற்குக் காரணம் ஆகா என்று தீர்ப்பு வந்தது. அது தனியார் நிறுவனம் என்பதை நினைவில் வையுங்கள். சங்கத்தில் இருக்கிற எனக்கு அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது வருத்தமும் வந்தது, ஏனென்றால் கையெழுத்திட்ட உடன்பாட்டில் சங்கத்துக்கும் பங்கு இருந்தது.

பதில்: முன்னாள் ஒப்பந்தக்காரர், பர்கூர்

நான் பன்னிரண்டு ஆண்டுகள் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தவன். குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை, நடப்பைச் சொல்கிறேன். லாரி வந்தால் இருபது, இருபத்தைந்து கிலோ கிரேட்டை இறக்குவது ஆண்கள்தான். கூழ் நிரப்பிய பீப்பாயைக் குளிர் அறைக்கு உருட்டுவதும் அவர்கள்தான். மேசையில் உட்கார்ந்திருக்கும்போதும் ‘லாரி வந்துவிட்டது’ என்று கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கூடுதல் தொகை. இதைப் பாகுபாடு என்று எடுத்துக்கொண்டால் எந்த ஆலையும் நடக்காது.

பதில்: தொழிற்சங்கத்தவர், ஓசூர்

ஒப்பந்தக்காரர் ஐயா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. விசாரணையில் நிர்வாகத் தரப்பு இதைத்தான் சொல்லப் போகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒத்த தன்மையுள்ள வேலை எது என்பதற்குச் சட்டம் அளவுகோல் வைத்திருக்கிறது. தேவைப்படும் திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும், வேலைச் சூழலும் ஒத்திருக்க வேண்டும். சிறு வேறுபாடு இருந்தாலும் அது நடைமுறையில் பொருட்படுத்தத் தக்கதாக இல்லையென்றால் கணக்கில் வராது. நாள் முழுவதும் கிரேட் இறக்குகிறவருக்குக் கூடுதல் கூலி கொடுப்பதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் கேள்வி அந்த மேசையில் உட்காரும் ஆறு ஆண்களைப் பற்றியது. அவர்கள் எத்தனை முறை எழுந்து போனார்கள்? ஒரு நாளில் அரை மணி நேரமா, நான்கு மணி நேரமா? சீசனில் பாதி நாள் எழுந்தே போகாதவருக்கும் அந்த 180 ரூபாய் போனதா? இறக்குவதற்காகத்தான் கூடுதல் தொகை என்றால், இறக்காத நாளில் அது நின்றிருக்க வேண்டும். அப்படி ஒரு நாளாவது நின்றதா என்பதைக் கணக்கர் ஐயாவின் பதிவேடே சொல்லிவிடும். இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. லாரி வந்தபோது பெண்கள் யாரையேனும் கூப்பிட்டார்களா, அவர்கள் மறுத்தார்களா? கூப்பிடவே இல்லை என்றால், கொடுக்காத வேலையைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைத்தார்கள் என்றாகிறது.

கணக்கர் ஐயா, இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்து, மேசையில் யார் யார் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்ன வேலை செய்தார்கள் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். ஆலையின் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப் போவதோ நகலெடுத்துப் பரப்புவதோ வேண்டாம். விசாரணையில் அதை வரவழைக்க முடியும். பெண்களிடம் ஊதியச் சீட்டு கேட்கச் சொல்லுங்கள். சீட்டு கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பையும் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பதில்: வழக்கறிஞர், அரூர்

வணக்கம். குவளையைப் பற்றியும் மேஸ்திரியின் பேச்சைப் பற்றியும் எழுதுகிறேன். இரண்டையும் ஒரே புகாரில் குழப்பிவிடாமல் இருப்பது மிகவும் தேவை.

தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று சொல்லும் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு, 16ஆம் பிரிவைப் போல அரசோடு நிற்பதில்லை. தனியார் ஆலைக்கும் தேநீர்க் கடைக்கும் வீட்டு வாசலுக்கும் அது பொருந்தும். அதைச் செயல்படுத்த வந்ததே 1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். தொழில் செய்வதிலும் வேலை பார்ப்பதிலும் தீண்டாமையின் பேரில் ஒருவருக்குத் தடை ஏற்படுத்துவது அதன் 4ஆம் பிரிவின்படி குற்றம். தடை என்ற சொல்லுக்குள் தீண்டாமையின் பேரில் காட்டப்படும் எந்தப் பாகுபாடும் அடங்கும் என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரிலேயே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. ‘காகிதக் குவளை சுகாதாரத்துக்காக’ என்று நிர்வாகம் சொன்னால், பதினேழு பேருக்குத் தேவைப்படாத சுகாதாரம் ஐந்து பேருக்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது என்று அவர்கள்தான் விளக்க வேண்டும்.

மேஸ்திரி சாதிப் பெயர் சொல்லித் திட்டியது இதனினும் கடுமையான குற்றம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 3(1) பிரிவின் ஆர், எஸ் என்ற உட்பிரிவுகள் இதைச் சொல்கின்றன. இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது ஒன்று, சாதிப் பெயரால் திட்டுவது மற்றொன்று. இரண்டுமே பொதுப் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். இந்த ஒரு சொற்றொடரில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்கின்றன. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வீட்டின் நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாத நிலையில் பேசியது இந்தப் பிரிவில் வராது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. உங்கள் ஆலையில் மேசையைச் சுற்றி இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் யார் யார் அருகில் இருந்தார்கள், எந்தச் சொல் சொல்லப்பட்டது, எத்தனை மணி என்பதைப் புகாரிலேயே எழுத வேண்டும். ‘சாதியைச் சொல்லித் திட்டினார்’ என்று பொதுவாக எழுதி முடித்துவிடுகிறார்கள். எழுதக் கூசினாலும் அந்தச் சொல்லை அப்படியே எழுத வேண்டும்.

புகாரைக் காவல் நிலையத்தில் கொடுக்கும்போது நிகழ வேண்டியவற்றைச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது. வாய்மொழியாகச் சொன்னால் எழுதிப் படித்துக்காட்ட வேண்டும், முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், அதன் நகலைக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. அதை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத அரசு ஊழியர் ஒருவர் இந்தக் கடமைகளை வேண்டுமென்றே தவறினால் அவருக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று 4ஆம் பிரிவு கூறுகிறது.

நம் மாவட்டங்களில் இவையெல்லாம் ஏட்டளவில்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் மொரப்பூர்ப் பக்கம் தோட்ட வேலைக்குப் போன பட்டியலினப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் கொடுத்ததாக எழுந்த புகாரில், இதே சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. அதற்கும் முன்னால் எங்கள் வட்டத்து வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்து, மக்களைத் தாக்கி, பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள். 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள், தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். எஞ்சிய 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி அமர்வு நீதிமன்றம் குற்றவாளிகள் என்று அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அதை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள் அந்தப் பெண்கள் தங்கள் வாக்குமூலத்திலிருந்து நகரவில்லை. நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, ‘அரசாங்க ஆளை எதிர்த்து என்ன செய்ய முடியும்’ என்று கேட்டு வருகிறவர்களிடம் இந்த ஒரு வழக்கைத்தான் சொல்லி வருகிறேன்.

பதில்: அரசு ஊழியர், தர்மபுரி

இந்த உரையாடலில் தனியார் ஆலையைப் பற்றியே பேசப்படுகிறது. அரசு அலுவலகத்துக்குள்ளும் இது இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இளம்பிள்ளை வாதத்தால் இடது காலில் காலிப்பர் அணிந்து நடப்பவள். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பிரிவை மேல்தளத்துக்கு மாற்றினார்கள். மின்தூக்கி கிடையாது. முப்பத்திரண்டு படிகள். காலையில் ஒருமுறை ஏறிவிட்டால் மாலை வரை இறங்க முடியாது என்பதால், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். கழிப்பறை கீழ்த்தளத்தில் இருந்தது. கீழ்த்தளப் பிரிவுக்கு மாற்றித் தருமாறு வாய்மொழியாகக் கேட்டபோது, ‘சலுகை எல்லோருக்கும் கொடுக்க முடியாது’ என்று பதில் கிடைத்தது.

அந்தச் ‘சலுகை’ என்ற சொல் தவறு என்பதை மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவு, அரசு நிறுவனம் தன் மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தகுந்த வசதியைச் செய்து தர வேண்டும், தடையற்ற சூழலைத் தர வேண்டும் என்று கட்டளையாகச் சொல்கிறது. பணியில் இருக்கும்போது ஒருவர் மாற்றுத்திறனாளி ஆனால் அவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்பதும் அதே பிரிவில் உண்டு. ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும், புகார்ப் பதிவேடு இருக்க வேண்டும், புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். நிறைவு இல்லையென்றால் மாவட்டக் குழுவுக்குப் போகலாம் என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் அலுவலகத்தில் அந்த அலுவலர் யார் என்று கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்தேன். யாரும் நியமிக்கப்படவில்லை என்பது அந்த விண்ணப்பத்தால்தான் வெளியே வந்தது. பதினெட்டு நாளில் என் மேசை கீழே வந்தது. அதே மேலாளர்தான், அதே கட்டடம்தான். வாய்மொழியாக ஏழு மாதம் கேட்டும் நடக்காதது, ஒரு பக்க மனுவுக்கு நடந்தது.

கணக்கர் ஐயா, உங்கள் ஆலையில் மாற்றுத்திறனாளிகள் யாரேனும் இருந்தால் அவர்களையும் எண்ணிப் பாருங்கள். தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. எழுதிய கொள்கையைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஆலை ஒன்றையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

கேள்வி கேட்டவர்: கணக்கர், கிருஷ்ணகிரி

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அந்த ஐந்து பெண்களில் மூத்தவரின் வீட்டுக்கு என் மனைவியோடு போயிருந்தேன். நான் மட்டும் போனால் ஊரில் வேறு பேச்சு வரும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘தம்பி, கூலியைக் கேட்கலாம், அதில் பதினாறு பேர் இருக்கிறோம். தம்ளரைக் கேட்டால் ஐந்து பேர்தான். அடுத்த சீசனில் அந்த ஐந்து பேருக்கு மட்டும் வேலை இருக்காது. மேஸ்திரி எங்கள் பக்கத்து ஊர்க்காரர், பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அவர் தெரு வழியாகத்தான் அனுப்புகிறேன்.’ எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

இந்த நிலையில் அவர்களைக் கேட்காமல் நானே காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது சரியா? கொடுக்காமல் இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கூலிப் பதிவேட்டில் இரண்டு தொகைகளையும் எழுதிய கை என்னுடையது.

பதில்: வழக்கறிஞர், அரூர்

சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் தகவல் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. இந்த வழக்கில் நாளைக்குக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியவர் அந்த அம்மாள்தான். அவர் விரும்பாத நேரத்தில் தொடங்கிய வழக்கு, அவர் சமரசத்துக்குத் தள்ளப்படுவதில் முடிந்ததை அரூர் நீதிமன்ற வளாகத்தில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் பிறகு மேஸ்திரி இன்னும் நிமிர்ந்து நடப்பார்.

அவருடைய அச்சங்களில் எதற்குச் சட்டத்தில் விடை உண்டு என்பதை மட்டும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் சாட்சிகளுக்கும் மிரட்டலிலிருந்து பாதுகாப்புத் தர வேண்டியது அரசின் கடமை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு சொல்கிறது. புகார் கொடுத்ததற்காக ஐந்து பேரையும் வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கினால், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு என்று அதுவே இன்னொரு குற்றம் ஆகும். முதல் தகவல் அறிக்கை பதிவானதிலிருந்து கட்டம் கட்டமாக நிவாரணத் தொகையும் உண்டு. வழக்கறிஞர் கட்டணத்தைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் அனைவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வன்கொடுமை தொடர்பான புகாருக்கு 14566 என்ற எண் தனியாக இருக்கிறது.

பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போகும் தெருவைப் பற்றிச் சட்டத்தில் முழுமையான விடை இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த முடிவை அவரே எடுக்கட்டும்.

உங்கள் கையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தக் கை எழுதிய பதிவேடுதான் பதினாறு பேருக்கும் முதல் சான்று. அழைப்பாணை வந்தால் போய் உள்ளதைச் சொல்வேன் என்று இப்போதே அவர்களிடம் உறுதி கொடுங்கள். நிர்வாகத்தின் சம்பளம் வாங்கும் ஒருவர் அப்படிச் சொல்வது சிறிய துணை இல்லை.

பதில்: தொழிற்சங்கத்தவர், ஓசூர்

ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த அம்மாள் சொன்ன கணக்கிலேயே வழியும் இருக்கிறது. கூலி மனுவில் பதினாறு பேரும் ஒன்றாகக் கையொப்பம் இடும்போது, காலனிப் பெண்கள் ஐந்து பேரும் மற்றப் பதினொரு பெண்களும் ஒரே தாளில் வருகிறார்கள். எங்கள் அனுபவத்தில், அந்தத் தாளை எழுதுவதற்காக எல்லோரும் ஒரே திண்ணையில் இரண்டு மாலை உட்கார்ந்த பிறகு, ஆலைக்குள் தேநீர்த் தட்டைப் பற்றிப் பேசுவதற்கு அந்தப் பதினொரு பேரே முன்வந்தது உண்டு. வராமலும் போயிருக்கிறது. ஆனால் திண்ணை யார் வீட்டுத் திண்ணை என்பதைக் கவனமாக முடிவு செய்யுங்கள். காலனியிலேயே கூடுவது நல்லது. மற்றவர்கள் அங்கே வரட்டும்.

மனுவைத் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு படி கொடுத்து, பதிவு எண் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். தேதி முத்திரை இல்லாத படியை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். வேலையை விட்டு நிறுத்தினால், நிறுத்தியது மனுவுக்குப் பிறகுதான் என்று காட்ட அந்த முத்திரைதான் இருக்கும்.

கேள்வி கேட்டவர்: கணக்கர், கிருஷ்ணகிரி

இரண்டு மாலை காலனியில் உட்கார்ந்தோம். முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள், இரண்டாம் நாள் பதினான்கு பேர். மனுவை நான் எழுதிக் கொடுத்தேன், அவர்கள் சொல்லச் சொல்லத் திருத்தினேன். எட்டுப் பேர் கையெழுத்து, ஆறு பேர் கைநாட்டு. மேசையில் வேலை செய்யும் ஆண்களில் இரண்டு பேர், லாரி இறக்கப் போகாத நாட்களிலும் முழுக் கூலி வாங்கியதைச் சொல்லத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் நாள் அந்த அம்மாள் வீட்டில் எல்லோருக்கும் தேநீர் போட்டார்கள். பதினான்கு பேரும் அவர் வீட்டுத் தம்ளரில் குடித்தார்கள், ஒருவர் மட்டும் சிறிது நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் குடித்தார்.

வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஏழு பேர் வருகிறார்கள், நானும் விடுப்பு எடுத்திருக்கிறேன். மேஸ்திரி பேசியதைப் பற்றி அந்த அம்மாள் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் அன்றைய தேதி, நேரம், அருகில் இருந்தவர்களின் பெயர், சொன்ன சொல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்து, ரேஷன் அட்டை வைத்திருக்கும் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள்.